தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் வந்துவிடாது

நியூயார்க்கும் பெய்ஜிங்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. பசிபிக் கடல் நடுவில் வரும்படி அச்சிட்ட உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் பசிபிக் கடல் வழியாக ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்த வழியாகப் போனால் 14,000 கிலோமீட்டருக்கு மேல். இப்போது ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மேலே நழுவி வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதன் நீளம் சுமார் 11,000 கிலோமீட்டர்தான். தட்டையான வரைபடத்தை நம்பித் தூரம் கணக்கிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

சரி, சரியான தூரம் கிடைத்துவிட்டது. அதை விமானத்தின் மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து நேரம் சொல்வது அடுத்த தவறு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடப்பவை. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற பலமான காற்று பாய்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம். திரும்பி வர சுமார் 7 மணி நேரம். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இந்தத் திரும்பும் பயணத்தை 5 மணி நேரத்துக்குள்ளேயே முடித்தது! போகும் நேரம்தான் வரும் நேரமும் என்று வைத்துக்கொண்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

பழைய தகவலை நம்புவதும் கூடாது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு 9 மணி நேரம் போல ஆகும். 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுற்றிப் போவதால் சுமார் 13 மணி நேரம் ஆகிறது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

அப்புறம் கடிகாரக் கணக்கு. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்கினால், அது 3 மணி நேரப் பயணம் அல்ல. 5 மணி நேர வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். மார்ச்சில் அமெரிக்கா தன் கடிகாரத்தை பிரிட்டனுக்கு முன்பே மாற்றிவிடுவதால், சில வாரங்களுக்கு அந்த வித்தியாசம் 4 மணி நேரம்தான். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சின்னதாக அச்சிட்டிருந்தால், இறங்குவது மறுநாள். அதைக் கவனிக்காமல் தங்கும் அறையை ஒரு நாள் முன்னதாகவே பதிவு செய்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது நள்ளிரவு விமானம்தான். 15ஆம் தேதி 00:30 என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்பினால், விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.