காதில் நிற்கும் வாதம்: டர்பனிலிருந்து ஒரு தமிழ்த் தத்துவ பாட்காஸ்ட் செய்யும் முறை

தத்துவ பாட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் வாரம் சாக்ரடீஸ், அடுத்த வாரம் பிளேட்டோ, பிறகு சங்கரர். நாலாவது எபிசோடுக்குள் கேட்கிறவர் கழன்றுகொள்வார். தன் மனதில் ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை யாராவது கூட நின்று புரட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் அவர் வந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் கறி தாளித்துக்கொண்டோ, என்2 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்கிறவர் அவர். பின்னால் தள்ளி மறுபடி கேட்கக் கை ஒழியாது. ஒரே ஓட்டத்தில் வாதம் காதில் நிற்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

கேள்வியைக் குறுக்குங்கள்

ஒரு எபிசோடுக்கு ஒரே கேள்வி. அது தத்துவக் கேள்விதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: எல்லாத் தகவலும் கையில் இருந்த பிறகும் நியாயமான இரண்டு பேர் அதில் மாறுபட முடியுமா? தகவலைத் தேடிப் பார்த்தாலே தீர்ந்துவிடும் என்றால் அது வேறு நிகழ்ச்சிக்கு உரியது.

“மன்னிப்பு என்றால் என்ன?” என்பது மிக அகலம், அரை மணி நேரத்தில் கரை காணாது. “பாதிக்கப்பட்டவர் மன்னிக்காதபோது அவர் சார்பில் அரசு மன்னிக்க முடியுமா?” என்பது சரியான அளவு. அதற்கு இந்த மண்ணிலேயே பிடிமானமும் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் 1996 ஏப்ரலில் விசாரணைகளைத் தொடங்கியது. குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதாக இருந்து, செய்தவர் முழு உண்மையையும் சொன்னால், அவருக்குச் சட்டப் பொறுப்பிலிருந்து விடுதலை கிடைக்க வழியிருந்தது. வருந்துகிறேன் என்று சொல்வது அதற்கு நிபந்தனையாக இருக்கவில்லை. இந்த ஒரு தகவலை எபிசோடின் மூன்றாவது நிமிடத்துக்குள் வையுங்கள். கேள்வி தானாகக் கூர்மை பெறும்.

இங்கே தமிழ் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. இப்படிச் சட்டப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் ஆம்னெஸ்டியை நாம் ‘பொதுமன்னிப்பு’ என்கிறோம். சொல்லுக்குள்ளேயே மன்னிப்பு உட்கார்ந்திருக்கிறது. அரசு வழக்கைக் கைவிடுவது ஒன்று, மகனை இழந்த தாய் மனம் இரங்குவது இன்னொன்று. இரண்டையும் அந்த ஒரே சொல் ஒட்டிவிடுவதால், கேள்வியைக் கேட்பதற்கு முன்பே விடை சொன்னது போல் ஆகிவிடும். எபிசோட் முழுவதும் ‘வழக்கு விலக்கு’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதை ஏன் தேர்ந்தோம் என்பதை ஒரு நிமிடம் விளக்குங்கள். அந்த ஒரு நிமிடமே நல்ல தத்துவம். ஒவ்வொரு எபிசோடுக்கும் முக்கியமான மூன்று நான்கு சொற்களை எழுதி, அவற்றில் இப்படி ஒட்டிக்கொண்ட பொருள் ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

வாதத்தை அடுக்குவது

இதற்குச் சட்டகம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதை அனுமானத்துக்கு ஐந்து உறுப்பு சொல்கிறது: பக்கம், ஏது, திருட்டாந்தம், உபநயம், நிகமனம். அங்கே வரும் எடுத்துக்காட்டு மலையில் எழும் புகை. டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டப் பக்கம் இருப்பவருக்கு அதை விளக்கவே வேண்டாம். வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்தினால் கொடியில் காயும் துணியில் கரி வந்து விழும். ‘அந்தத் தோட்டத்தில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம். ‘புகை இருப்பதால்’ என்பது ஏது. ‘அடுப்படியைப் போல’ என்பது திருட்டாந்தம். ‘அந்தத் தோட்டத்திலும் புகை இருக்கிறது’ என்பது உபநயம். ‘ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது’ என்று முடிப்பது நிகமனம்.

உங்கள் எபிசோடின் வாதத்தை ஒரே தாளில் இப்படி எழுத முடியவில்லை என்றால் இன்னும் பதிவுக்குப் போக வேண்டாம். நம் கேள்விக்கு எழுதினால்: பாதிக்கப்பட்டவரைத் தவிர யாரும் மன்னிக்க முடியாது. ஏனென்றால் மன்னிப்பது என்பது தனக்கு உரிய ஒன்றை விட்டுக்கொடுப்பது. அடுத்தவருக்கு உரியதை நான் விட்டுக்கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கடனை நான் தள்ளுபடி செய்ய முடியாததைப் போல. தீங்குக்கு ஆளானவரின் மனக்குறையும் அவருக்கே உரியது. ஆகவே அரசு மன்னிக்க முடியாது.

இனி எடுத்துக்காட்டைத் தட்டிப் பாருங்கள். தூரத்தில் தெரிவது புகையா, பனிமூட்டமா? கடன் கொடுத்தவர் இறந்தால் உரிமை வாரிசுக்குப் போகிறது. வாரிசு தள்ளுபடி செய்யலாம். அப்படியென்றால் கொலையுண்டவரின் மன்னிக்கும் உரிமையும் மகளுக்குப் போகுமா? போகும் என்றால், மன்னிப்பும் சொத்தைப் போன்றதா? போகாது என்றால், கொலையை யாருமே எப்போதும் மன்னிக்க முடியாது என்றாகிறது. எபிசோடின் நெஞ்சு இந்த இடம்தான். நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

மறுப்பை அதன் வலுவான வடிவில் சொல்லுங்கள். எளிதாக வீழ்த்தக்கூடிய மறுப்பை நிறுத்தி வைத்து வீழ்த்தினால், அந்தக் கருத்தை உண்மையில் நம்புகிற கேட்பவர் அவமதிக்கப்பட்டதாக உணர்வார். திரும்பி வரமாட்டார்.

தமிழ் வாக்கியமும் காதும்

பெரும்பாலான எபிசோடுகள் கெடுவது இங்கேதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில், ‘என்கிறார்’ என்பதும் கடைசியில். பக்கத்தில் படிக்கும்போது கண் முன்னால் ஓடிப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட்டைப் பற்றிய இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “கொலைகாரன் கதவைத் தட்டி, ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டதை அப்படியே ஏற்க முடியாது.” முதல் ஆறேழு நொடி வரை, பொய் சொல்லக் கூடாது என்று நீங்களே உபதேசிப்பதாகத்தான் கேட்பவர் நினைப்பார். பிறகு அவர் புரிந்துகொண்டதை இரண்டு முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

உடைத்துச் சொல்லுங்கள்: “கான்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொல்வது இது. கொலைகாரன் உங்கள் கதவைத் தட்டுகிறான். உள்ளே உங்கள் நண்பன் ஒளிந்திருக்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது. இதை ஏற்க முடியுமா?” யார் சொல்வது என்பது முதலில், கருத்து நடுவில், உங்கள் நிலை தனி வாக்கியத்தில். ஒரு வாக்கியம் 12 சொல்லைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

எந்தத் தமிழ்? தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனாலும் பல வீடுகளில் புழங்குவது ஆங்கிலம். ஆயாவுக்குப் பேச்சுத் தமிழ் புரியும், பேரனுக்குப் பாதி புரியும், கலைச்சொல் இருவருக்கும் புரியாது. பொருளை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லைக் கொடுங்கள். ‘ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகித்து அறிவது, இதற்கு அனுமானம் என்று பெயர்’ என்பது நிற்கும். தலைகீழாகச் சொன்னால், அறியாத சொல் வந்ததுமே காது மூடிக்கொள்ளும்.

இரண்டு குரல்

தனியாள் பேச்சு சொற்பொழிவாகிவிடும். இருவர் போதும், மூவர் என்றால் யார் குரல் என்று குழப்பம். கேட்கும் குரலுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்க வேண்டும். தெரியாதது போல் நடிப்பது குரலிலேயே தெரிந்துவிடும். அவரிடம் முழு எழுத்தைக் கொடுக்காமல், கேள்வியையும் அந்த ஒரு தாளையும் மட்டும் கொடுங்கள்.

“அண்ணா, இருங்க. வாரிசுக்கு உரிமை போகுதுன்னா, அப்பா சாகும்போது ‘மன்னிக்காதே’ன்னு சொல்லிட்டுப் போயிருந்தா?”

“அப்போ அது உயில் மாதிரி ஆயிடுது. நல்ல கேள்வி, தங்கச்சி. நான் அதை யோசிக்கலை.”

இப்படி ஒரு இடம் வந்தால் வெட்டாதீர்கள்.

பதிவு

டைனமிக் மைக் போதும். அறையின் எதிரொலியை அது குறைவாகவே பிடிக்கும். வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். இருவருக்கும் தனித்தனி மைக். மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் தாமதமாக விழுந்து குழாய்க்குள் பேசுவது போல் கேட்கும். பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். குரலின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் அருகில் இருக்கட்டும், மைனஸ் 6ஐத் தாண்ட வேண்டாம்.

ஓடு பதித்த தரையும் பெரிய கண்ணாடிச் சன்னலும் உள்ள அறையைத் தவிர்த்து, துணி அலமாரி உள்ள படுக்கையறையில் பதியுங்கள். விடியலிலும் பொழுது சாயும்போதும் ஹடீடாப் பறவைகள் கத்திக்கொண்டு போகும். அந்தச் சத்தம் பேச்சுக்குரலின் அலைவரிசையிலேயே கிடப்பதால் எந்த ஃபில்டரும் அதைக் குரலுக்குச் சேதமில்லாமல் பிரிக்காது. காலை 10 முதல் பிற்பகல் 3 வரை நல்ல நேரம். ஃப்ரிட்ஜை அணைக்கும்போது கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது மறக்காமல் மறுபடி போடுவீர்கள். மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மின்வெட்டு நேரத்திலும் அந்தப் பழக்கம் கை கொடுக்கும். முடிந்ததும் யாரும் பேசாமல் 30 நொடி அறையின் அமைதியைப் பதிந்து வையுங்கள். வெட்டுமிடங்களை நிரப்ப அது வேண்டும்.

தொகுப்பும் வெளியீடும்

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டுங்கள். ஒலியளவு, மோனோ என்றால் மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு), ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16. மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியைத் தொடவே வேண்டாம். கேள்வி விழுந்த பிறகு வரும் இரண்டு நொடியில்தான் கேட்பவர் தன் விடையை யோசிக்கிறார். அதைப் பறித்தால் மிச்சம் இருப்பது வெறும் தகவல்.

மோனோ எம்பி3, நொடிக்கு 64 கிலோபிட். 24 நிமிடம் ஏறக்குறைய 11.5 மெகாபைட் வரும். 128இல் வைத்தால் இரு மடங்கு. ப்ரீபெய்ட் டேட்டாவில் கேட்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது, பேச்சுக்கோ அது காதில் அதிகம் தெரியாது. முகப்புப் படம் 3000க்கு 3000 பிக்சல். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். சினிமாப் பாட்டை உரிமம் இல்லாமல் சில நொடி கூடப் போட வேண்டாம். உள்ளூர் நாதஸ்வரக் கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பதிவது நல்லது.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மறுப்பு அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் குரலை ஒலிபரப்பும் முன் அவரிடம் தெளிவாக அனுமதி கேளுங்கள். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப்படியும் அது உங்கள் பொறுப்பு. ஆணையத்தைப் பற்றிய எபிசோடுக்கு வருகிற பதிவுகளில் சில, சொந்த வீட்டு இழப்பைச் சொல்வதாக இருக்கும். அவற்றை வாதத்துக்கு எடுத்துக்காட்டாக்காமல், தனியாகப் பதில் எழுதுங்கள். மற்றவற்றில் உங்கள் வாதத்தை மிகவும் ஆட்டிய ஒன்றைத் தேர்ந்து, அடுத்த எபிசோடின் முதல் நிமிடத்தில் முழுதாக ஒலிக்கவிடுங்கள்.