குருதிப் புற்றுநோய் பரம்பரையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு லுக்கேமியா என்றதும் "உங்கட பக்கத்தில ஆருக்கும் இருந்ததா?" என்ற விசாரணை தொடங்கிவிடும். பெரும்பாலும் அது வீண் சண்டை. இந்த நோய்களில் அதிகமானவை பிறந்தபின் என்பு மச்சையில் ஒரு கலத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் வருபவை, பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை. நாட்பட்ட மைலோயிட் லுக்கேமியா ரிப்போட்டில் "பிலடெல்பியா குரோமோசோம்" என்று கண்டு மகளின் கலியாணப் பேச்சை நிறுத்தத் தேவையில்லை. 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டது நோயாளியின் குருதியை உருவாக்கும் கலங்களில் மட்டுமே.

"எங்கட பரம்பரையிலேயே இல்லை" என்று அடித்துச் சொல்வதும் பிழைதான். சிலருக்குப் பரம்பரையாகவும் வரும். உதாரணமாக, பெற்றோரிடமிருந்து வரக்கூடிய டிடிஎக்ஸ்41 மரபணுப் பழுது பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பிறகே நோயாக வெளிப்படும். அதைச் சுமந்த தகப்பன் ஐம்பதில் மாரடைப்பால் போயிருந்தால் குடும்ப வரலாறு சுத்தமாகத்தான் தெரியும்.

கொழும்பில் பிளேட்லெட் குறைந்தால் உடனே டெங்கு என்பார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் டெங்கில் விழுந்த எண்ணிக்கை வழமையாக ஓரிரு வாரத்தில் ஏறிவிடும். காய்ச்சல் போய் மூன்று மாதமாகியும் 90,000இலேயே நின்றால், தாய்க்கும் அதே மட்டம் என்றால், பிறப்பிலேயே பிளேட்லெட்டைக் குறைத்து, லுக்கேமியா ஆபத்தையும் கூட்டும் ரன்எக்ஸ்1, ஏஎன்கேஆர்டி26, ஈடிவி6 ஆகிய மரபணுக்களின் பழுதை நினைக்க வேண்டும். இவற்றைச் சாதாரண எதிர்ப்புசக்திக் கோளாறு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் ஸ்டீரொய்ட் கொடுப்பதுண்டு, எண்ணிக்கை அசையாது. பழைய எஃப்.பி.சி. (முழுக் குருதி எண்ணிக்கை) தாள்களைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். சிறுவயதுத் தாள் ஒன்று கிடைத்தால் பாதி விடை கையில்.

அதிகம் சறுக்குவது மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் இடத்தில். நோயாளியின் குருதியில் புற்றுநோய்க் கலங்களும் கலந்திருப்பதால், அதில் கண்ட மாற்றம் பிறப்பிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாசித்த மரபணுப் பிரதிகளில் மாற்றம் உள்ளவற்றின் பங்கு 50 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் பிறப்பிலேயே வந்ததோ என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். உமிழ்நீரிலும் வெண்குருதிக் கலங்கள் உண்டு; வாயைத் துடைத்து அனுப்பினாலும் அதே குழப்பம். தானம் பெற்ற மச்சை ஏற்றிய பிறகென்றால் குருதி காட்டுவது தானம் கொடுத்தவரின் மரபணுவை! நம்பக்கூடியது தோல். விறைப்பு ஊசி போட்டு, முன்னங்கையில் 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு வட்டத் துண்டு. அதை வழக்கம்போல் ஃபோர்மலின் போத்தலில் போட்டுவிட்டால் கலங்கள் செத்துவிடும், வளர்க்க முடியாது. ஆய்வுகூடம் தரும் வளர்ப்பு ஊடகக் குழாயில்தான் போட வேண்டும், உறைய விடவும் கூடாது. வளர்ந்து முடியச் சில வாரம் செல்லும். ஆகவே நோய் கண்ட கிழமையிலேயே எடுப்பது நல்லது.

குடும்ப வரைபடம் எழுதும்போது புற்றுநோயை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். இருபதுகளிலேயே நரைத்தவர், நுரையீரல் தழும்பேறிப் போனவர், கால் வீங்கியே இருந்தவர், பெருவிரல் கோணலாகப் பிறந்த குழந்தை எல்லாம் அதில் வர வேண்டும்; பரம்பரையாக வரும் சில மச்சைப் பழுதுகள் இப்படியும் வெளிப்படும். மூன்று தலைமுறை, இரு பக்கமும். யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவுக்கும் கனடாச் சித்தப்பாவுக்கும் ஒரு கோல் எடுத்தால் முடியும் வேலை. மச்சான் மச்சாள் கலியாணம் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மச்சையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஃபன்கோனி சோகையில் பழுதான மரபணு பெரும்பாலும் இரு பெற்றோரிடமிருந்தும் வரும். அந்த நோயுள்ள பிள்ளைக்கு வழமையான அளவு கீமோ கொடுத்தால் உடல் தாங்காது.

மரபணு ரிப்போட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" (நோய் தருமா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்றிருந்தால் அதை வைத்து உறவினரைச் சோதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. கின்சி வீதியில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கும் மனித மரபணு அலகு போன்ற இடத்தில் ஆலோசனை கேளுங்கள். ஓரிரு வருடம் கழித்து அந்த ரிப்போட்டை மீள வாசிக்கவும் சொல்லுங்கள்.

மச்சை தானத்துக்குச் சகோதரம் பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் நடப்பது கடைசிப் பிழை. நோயாளியின் பழுது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்ததென்றால் அந்தச் சகோதரத்துக்கும் அது இருக்க 50 வீத வாய்ப்பு. அந்த மச்சை ஒழுங்காக வேரூன்றாமல் போகலாம். தானமாகப் போன கலங்களிலேயே மீண்டும் லுக்கேமியா வரவும் கூடும். எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால் தானம் கொடுப்பவருக்குத் தோல் தேவையில்லை, எண்ணிக்கைகள் சரியான சுகதேகி என்றால் குருதி போதும். அந்த விடை வந்த பிறகே அவருக்கு மூலக்கலங்களைக் குருதிக்கு இறக்கும் ஊசியைத் தொடங்க வேண்டும்.