பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில்: விடுமுறைக்குள் முடிக்க வேண்டியவை

மகன் அமெரிக்காவிலிருந்து மாதா மாதம் பணம் அனுப்பிவிடுகிறார். ஆனாலும் ஊரில் காரியம் தடைப்படுகிறது. பெரும்பாலும் காரணம் பணம் அல்ல, கையெழுத்தும் ஓடிபியும்தான். விடுமுறையில் ஊருக்கு வந்ததும் கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு வேலை நாட்களை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் வங்கி. வெளிநாட்டில் குடியேறியவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்காக மாற்ற வேண்டும். ஊர் வீட்டு வாடகையை அதில் வாங்கிக்கொள்ளலாம், வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். அங்கே சம்பாதித்த பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு, வட்டிக்கு இங்கே வரி கிடையாது. அம்மா பெயரையும் சேர்க்கலாம், ஆனால் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில் மட்டுமே. அதாவது மகன் இருக்கும்வரை, அவர் தனியாக அதிகாரம் எழுதிக் கொடுக்காமல் அம்மாவால் அதில் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. பெயர் இருக்கிறதே என்று நம்பிப் போய் வங்கியில் திரும்பி வருபவர்கள் நிறைய. அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தைப் பெற்றோரின் சொந்தக் கூட்டுக் கணக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் போட்டு வையுங்கள்.

அந்தக் கணக்கில் பதிவாகியிருப்பது யாருடைய செல்போன் எண் என்று பாஸ்புக்கோடு போய்க் கேளுங்கள். வசதிக்காக மகன் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு பில்லிங் கவுன்ட்டரில் அப்பா நிற்பார். ஓடிபி சிகாகோவில் மீட்டிங்கில் இருப்பவர் போனுக்குப் போகும். மகனின் இந்திய சிம்முக்கும் ரோமிங் போட்டு, ரீசார்ஜ் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பு போய்விடலாம், பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும்.

சொத்து விஷயத்துக்குப் பவர், அதாவது உங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம் தேவைப்பட்டால் இங்கே இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது மேல். அங்கிருந்து அனுப்பினால் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் அபராதம், அலைச்சல். எதற்குப் பவர் என்பதையும் குறிப்பாக எழுதுங்கள்: வாடகை வசூலிக்க மட்டுமா, விற்கவுமா? எல்லா அதிகாரமும் கொடுத்த பவர்தான் பின்னால் அண்ணன் தம்பி வழக்காகிறது.

அப்பா மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்து மெஷின் ஏற்காவிட்டால் முகத்தைக் காட்டியே செல்போனில் முடிக்கலாம். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, பேசும் நேரம். நியூயார்க்கில் இரவு 9 மணிக்குக் கூப்பிடுபவர் கோடையில் இங்கே காலை 6:30க்கு வருவார். நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 7:30 ஆகிவிடும். முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் அம்மா காபியை ஆறவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.