அம்மாவின் மாத்திரைப் பை

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி மூன்றுக்கும் மூன்று டாக்டர்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எழுந்து நின்றாலே தலைசுற்றல். இரண்டு முறை விழுந்தும்விட்டார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி குடும்ப டாக்டரிடம் கேட்டேன். வீட்டில் இருந்த அத்தனை மாத்திரைகளையும், சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போனோம். நான் செய்ததில் உருப்படியான வேலை இதுதான். மருந்தாளுநர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருந்தது. அதோடு ரத்தக் கொதிப்புக்கு ராமிப்ரில், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரை, வலிக்கு டைக்ளோஃபெனாக். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம் என்றார். டாக்டர் உடனே டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார்.

செவிலியர் அம்மாவைப் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற பிறகு 1, 3 நிமிடங்களில் மறுபடியும் பிரஷர் பார்த்தார். மேல் அளவு 20-க்கும் அதிகமாக இறங்கியிருந்தது! சரி, தலைசுற்றலுக்குக் காரணம் பிடிபட்டது. டாக்டர் பிரஷர் மருந்தின் அளவைக் குறைத்தார். முழங்காலுக்கு பிசியோதெரபிஸ்ட் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்தார்.

இப்போது ஒரே தாளில் மருந்துப் பட்டியல். யார் எதை மாற்றினாலும் தேதியும் காரணமும் அதில் ஏறும். மாதம் ஒருமுறை செவிலியர் ஃபோனில் விசாரிக்கிறார். அம்மா அப்புறம் விழவில்லை.