குட்டி ரெயின்போ மீன்கள்: பலரும் செய்யும் தவறுகள்

உடம்பு சிறியது, அதனால் தொட்டியும் சிறியதாக இருந்தால் போதும். ரெயின்போ மீன்களில் குட்டி இனங்களை வாங்குகிறவர்கள் போடும் முதல் தப்புக் கணக்கு இதுதான். ட்வார்ஃப் நியான் ரெயின்போ வளர்ந்தாலும் 6 முதல் 8 செ.மீ. தான். ஆனால் ஓரிடத்தில் நிற்காத மீன் அது. ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். அதற்கு வேண்டியது நீளம், உயரமில்லை. ஆறு மீன்களுக்கு 80 செ.மீ. நீளத் தொட்டியாவது வேண்டும். இரண்டு மூன்று மட்டும் வாங்கி விட்டால் மிரண்டுபோய்ச் செடி மறைவிலேயே கிடக்கும்.

இன்னொரு குட்டி இனமான த்ரெட்ஃபின் ரெயின்போவின் கதை வேறு. 4, 5 செ.மீ. உடம்பு, நூல் நூலாக நீளும் துடுப்பு, ஊசிமுனை போல வாய். சாதாரண ஃப்ளேக்கை (செதில் தீவனம்) போட்டால் ஓடி வந்து கவ்வும், உடனே துப்பிவிடும், மறுபடி கவ்வும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு நன்றாகச் சாப்பிடுவதாகத்தான் தெரியும். சில வாரத்தில் வயிறு ஒட்டிப்போன பிறகு நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். உண்மையில் அது பட்டினி. தீவனத்தை விரலால் மாவாக நொறுக்கிப் போடுங்கள். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் குஞ்சுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சாப்பிடும் இந்த மீனை, ‘இரண்டுமே சின்ன ரெயின்போதானே’ என்று நியானோடு சேர்த்து விடாதீர்கள். ஒரு துணுக்குகூட மிஞ்சாது. துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் மீன் இருக்கும் தொட்டியில் அந்த நீளத் துடுப்புகளும் மிஞ்சாது. ஃபில்டரின் வேகமும் இதற்கு ஆகாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. கடைத் தொட்டியில் இளம் மீன்கள் வெளுத்துத்தான் இருக்கும். இருப்பதிலேயே பளிச்சென்று இருப்பதைப் பொறுக்கினால் எல்லாம் ஆணாக வந்து சேரும். பெண் மீன்கள் இருந்தால்தான் ஆண்கள் போட்டி போட்டு நிறம் காட்டும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்பது நல்ல கணக்கு. ப்ளூ ஐ எனப்படும் குட்டி ரெயின்போ வகைகளில் இன்னொரு சிக்கலும் சேரும்: அவற்றின் ஆயுளே சுமார் இரண்டு வருடம்தான். முழு நிறத்தோடு பெரிதாக இருக்கும் மீன் ஏற்கெனவே பாதி வாழ்க்கையை முடித்திருக்கலாம். வெளுத்த குட்டிகளையே வாங்குங்கள்.

புதுத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மறுநாளே மீனை விடுவது எல்லா மீனுக்கும் ஆபத்துதான். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு இறங்கி டெஸ்ட்டில் 0 காட்டும்வரை பொறுங்கள். அப்புறம் மூடி. விரட்டும் வேகத்தில் இவை வெளியே குதித்துவிடும், வயர் நுழையும் சின்ன இடைவெளிகூடப் போதும்.

குஞ்சே வரவில்லை என்று குறைபடுபவர்கள் பலரின் தொட்டியில் முட்டை தினமும் விழுந்துகொண்டுதான் இருக்கும். ஒரேயடியாக இடாமல், நாளுக்குச் சிலவாக ஜாவா மாஸ் என்னும் பாசிச்செடியில் ஒட்டிவிடும். பெரிய மீன்கள் தின்றுவிடும். அந்த மாஸை எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிப் பொரியும். மேல்மட்டத்திலேயே மிதக்கும் அந்தக் குஞ்சுகளுக்கு முதலில் இன்ஃபுசோரியா என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் ஒத்துவரும். ஒன்று மட்டும்: நியானோடு அதன் பேரினமான மெலனோட்டீனியாவின் வேறு வகைகளையும் வளர்த்தால் எளிதில் கலப்பினம் உண்டாகும். அப்படிப்பட்ட தொட்டியில் கிடைத்த குஞ்சுகளை நியான் என்று சொல்லி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.