சிறிய கல்லூரியில் முதல் வர்ண விருது விழா: படிப்படியான செய்முறை விளக்கம்

ஆளணியும் பழைய மாணவர் பலமும் உள்ள பெரிய கல்லூரிகளில், விளையாட்டில் சாதித்த மாணவரைக் கௌரவிக்கும் வர்ண விருது விழா ஆண்டுதோறும் தானாகவே நடந்துவிடும். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ குச்சவெளியிலோ சில நூறு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் கல்லூரியில், உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே பயிற்றுநராகவும் பதிவாளராகவும் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துச் செல்பவராகவும் இருக்கும் நிலையில், சாதித்த பிள்ளையைக் காலைக்கூட்டத்தில் கைதட்டிப் பாராட்டுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்பிள்ளைக்கு அதைவிட முறையான மதிப்பு உரியது என்று நம்பி, முதன்முறையாக விழா எடுக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: விதிகளை முன்கூட்டியே எழுதுதல்

இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்குமுன்னரே, யாருக்கு எந்த விருது என்பதை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, அதிபரின் ஒப்பத்துடன் அறிவித்தற் பலகையில் ஒட்டிவிடுங்கள். மாகாண மட்டத்தில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெற்றவருக்கு வர்ண விருது, வலய மட்டத்தில் முதலிடம் பெற்றவருக்குத் திறமைச் சான்றிதழ் என்பதுபோல, எவரும் வாசித்துத் தாமே சரிபார்க்கக்கூடிய வகையில் அவ்விதிகள் இருக்கவேண்டும். போட்டிகள் முடிந்த பின்னர் எழுதப்படும் விதி எவ்வளவு நேர்மையானதாயினும், அது ஒரு குறிப்பிட்ட பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே பெற்றோருக்குத் தோன்றும். ஓர் ஆண்டில் தகுதி பெற்றவர் எவரும் இல்லையெனில் அவ்விருதை வழங்காமல் விடுவதே சரி. சிறிய கல்லூரியில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடும் ஆசை இயல்பாக எழுந்தாலும், அதற்கு இடங்கொடுத்தால் இரண்டே ஆண்டுகளில் விருது தன் பெறுமதியை இழந்துவிடும்.

இரண்டாம் படி: பதிவேடு

முழு வேலையின் உயிர் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். தடித்த அட்டையுள்ள பதிவேடு ஒன்றில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, வயதுப் பிரிவு, நிகழ்ச்சி, போட்டி நடந்த இடமும் நாளும், பெற்ற நேரம் அல்லது தூரம், பெற்ற இடம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, முடிவுத்தாளின் பிரதியையும் உடன் ஒட்டிவையுங்கள்.

நேரத்தைப் பதியும்போது அது நிறுத்தற் கடிகாரத்தால் கையால் எடுக்கப்பட்டதா, மின்னணு முறையில் எடுக்கப்பட்டதா என்பதைக் கட்டாயம் குறிக்கவேண்டும். கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்திலொரு செக்கனுக்கு உயர்த்தியே பதியவேண்டும் என்பது விதி, கடிகாரம் 11.32 செக்கன் காட்டினால் பதிவேட்டில் 11.4 என்றே எழுதப்படும். குறுந்தூர ஓட்டங்களில் கையால் எடுத்த நேரம் மின்னணு நேரத்தைவிடப் பொதுவாகக் குறைவாகவே அமைவதால், இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால், மாகாணப் போட்டியில் மின்னணுக் கருவியின் முன் ஓடிய பிள்ளைக்கு அநீதி நேரும்.

எறிதல் நிகழ்ச்சிகளில் கருவியின் நிறையையும் எழுதுங்கள். சர்வதேச விதிகளின்படி குண்டு போடுதலில் 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோகிராம், 20 வயதுக்குட்பட்டோருக்கு 6 கிலோகிராம், அதற்கு மேற்பட்டோருக்கு 7.26 கிலோகிராம் என நிறை மாறுவதால், நிறை குறிக்கப்படாத தூரம் பிற்காலத்தில் எதனோடும் ஒப்பிட முடியாததாகிவிடும். 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றில், பின்னிருந்து வீசும் காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேற்பட்டால் அப்பெறுபேறு சாதனையாக ஏற்கப்படுவதில்லை. நம் பாடசாலைகளில் காற்றளக்கும் கருவி இருப்பதில்லை. எனவே, சிறப்பாகக் கச்சான் எனப்படும் மேல்காற்று பலமாக வீசும் மாதங்களில், 'காற்று அளக்கப்படவில்லை' என்று ஒரு குறிப்பாவது இடுவது நேர்மையாகும்.

மூன்றாம் படி: தெரிவுக் குழு

அதிபர், உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டோடு தொடர்பற்ற ஓர் ஆசிரியர், ஒரு பழைய மாணவர் என நால்வர் போதும். தம் பிள்ளையின் பெயர் ஆராயப்படும்போது உறுப்பினர் வெளியே சென்றுவிட வேண்டும்.

நான்காம் படி: அணிகளைக் கௌரவித்தல்

கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கபடி, எல்லே போன்றவற்றில் கிண்ணத்தைத் தலைவரிடம் கொடுத்துப் படம் எடுப்பதோடு நின்றுவிடுதல் பெருங்குறை. கபடியில் களத்தில் ஏழு பேர் நின்றாலும் அணி பன்னிருவரைக் கொண்டது. எஞ்சிய ஐவரும் அதே வெயிலில் அதே பயிற்சியைச் செய்தவர்கள். ஆகவே அணிப்பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி மேடைக்கு அழையுங்கள். பணம் போதாவிடின் கேடயம் ஒன்றையே வாங்கிக் கல்லூரியில் வைத்துவிட்டு, சான்றிதழைத் தனித்தனியாக வழங்கலாம். அஞ்சல் ஓட்ட அணிக்கும் இதுவே பொருந்தும்.

ஐந்தாம் படி: பாராட்டுக் குறிப்பு

ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களில் ஒரு குறிப்பை எழுதுங்கள். 'சிறந்த வீரர், எல்லோருக்கும் முன்மாதிரி' என்று எழுதினால் அது எவருக்கும் பொருந்தும். ஆகவே எவருக்கும் உரியதாகாது. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்றார் என்று சொல்லும்போது, ஆண்டு, இடம், நிகழ்ச்சி, பெறுபேறு ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. வலய மட்டத்தில் வென்ற பிள்ளைக்கும் அதே செம்மையுடன் எழுதலாம். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பிள்ளையிடமே முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் கலந்து வரும் நம் மாவட்டத்தில் மேடையில் பெயர் சிதைவது பெற்றோரை உண்மையாகவே வருத்தும்.

ஆறாம் படி: விழா நாள்

ஒக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை மழை பெய்வதால் அக்காலத்தில் திறந்தவெளி மேடையைத் தவிருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தையும் தவிர்த்து, கடற்றொழிலுக்குச் செல்லும் தந்தையர் வரக்கூடிய நேரத்தை அவர்களிடமே விசாரித்து வையுங்கள். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை ஆகியவை சேர்ந்து அரை மணித்தியாலத்தைத் தாண்டவேண்டாம். பொன்னாடை பெற வேண்டியவர்கள் விருந்தினர்கள் மட்டுமல்லர். ஊதியமின்றி மாலைநேரப் பயிற்சி அளித்த ஊரவர் ஒருவர் இருந்தால் அவருக்கே முதலிடம் கொடுங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே விருது பெற்றோரின் பெயர்களை ஆண்டு வாரியாகப் பெயர்ப்பலகையில் எழுதுவித்து, பிழைகளைத் திருத்தி, பதிவேட்டின் ஒரு பிரதியை அதிபர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பரீட்சை முடித்துக் கல்லூரியை விட்டுச் சென்றதனால் விழாவுக்கு வர இயலாத பிள்ளைகளின் சான்றிதழ்களை அலுமாரியில் வைத்துவிடாமல், பொறுப்பாசிரியர் ஒருவர் அவர்களின் வீட்டுக்கே நேரில் கொண்டுசென்று கொடுக்க வேண்டும்.