பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ ஏற்பட்ட முதியவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாள் நெருங்கும்போது, வீட்டார் கையில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களே மிஞ்சியிருக்கும். செவிலியர் பராமரிப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் தரும் இல்லம் ஒன்றை அந்த அவசரத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வீடு பார்ப்பதைப் போலவே இதையும் பார்த்துவிடுகிறோம்: அறை காற்றோட்டமாக இருக்கிறதா, கழிவறை சுத்தமாக இருக்கிறதா, வரவேற்பறையில் இருந்தவர் இனிமையாகப் பேசினாரா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. இவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சேர்ந்த மனிதரின் உடம்பிலும் நடையிலும் முகத்திலும் நாளடைவில் ஏற்படும் மாற்றத்தில்தான் பராமரிப்பின் தரம் தெரியும். அதைப் பார்க்கத் தவறுவதே மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் 1966-இல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. தரத்தை அவர் அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். கட்டடமும் கட்டிலும் கருவிகளும் பணியாளர் எண்ணிக்கையும் அமைப்பைச் சேர்ந்தவை. உரிய வேளையில் உரிய முறையில் கவனிக்கிறார்களா என்பது செயல்முறை. கவனிக்கப்பட்டவர் என்ன ஆனார் என்பது விளைவு. முதல் தடவை பார்க்கப் போகிறவரின் கண்ணில் படுவது அமைப்பு மட்டுமே, அதிலும் ஒரு பகுதிதான். மற்ற இரண்டையும் நாமாகத் தேடிக் கேட்க வேண்டும்.

இல்லத்தார் சொன்ன நேரத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது பரவலான தவறு. முற்பகல் 11 மணிக்கு எந்த இல்லமும் நன்றாகவே இருக்கும். குளிப்பாட்டல் முடிந்திருக்கும், படுக்கை விரிப்பு மாற்றப்பட்டிருக்கும், பொறுப்பு மருத்துவரும் இருப்பார். இரவு உணவு வேளையிலும், பணி மாறும் நேரத்திலும், ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் உணவு வேளையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே அவசர அவசரமாகத் திணிக்கிறாரா; ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த கரண்டி போகிறதா; முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா, சாய்ந்து படுத்தபடி விழுங்குகிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்பதால், இது உயிர் காக்கும் வேலை. தொடாத தட்டை யாராவது ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறார்களா என்பதையும் பாருங்கள்.

என் பெரியம்மா இருந்த இல்லத்தில் ஒவ்வொரு வேளையும் தண்ணீர் வைத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தம்ளரை அவருடைய இடப்பக்க மேசையில் வைத்தார்கள். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டும் கவனத்தில் ஏறாது, பெரியம்மாவுக்கும் அப்படித்தான். நிறைந்த தம்ளர் நிறைந்தபடியே திரும்பிப் போனது. குறிப்பேட்டில் மட்டும் தண்ணீர் கொடுக்கப்பட்டதாக எழுதப்பட்டது. வாரக்கணக்கில் போய் வந்த நானும் அதைக் கவனிக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது. செய்யப்பட்டது என்ற பதிவை, அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணியாளர் எண்ணிக்கையைக் கேட்கும்போது மொத்தக் கணக்கைக் கேட்டுத் திருப்தி அடைவது இன்னொரு தவறு. இரவு 2 மணிக்கு எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை, உதவியாளர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே உதவியாளர் அதே முதியவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறாரா, நாளுக்கொருவர் மாறுகிறாரா என்பதும் முக்கியம். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று மந்தமாக இருக்கிறார் என்பதை, நேற்றும் அவரைப் பார்த்தவரால்தான் சொல்ல முடியும்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

“ஆறு மாதமாக இங்கே யாருமே கீழே விழவில்லை” என்று கேட்டதும் நமக்கு நிம்மதி பிறக்கிறது. ஆனால் மறுவாழ்வுக்காக வந்தவர் நடந்து பழக வேண்டியவர்; நடந்து பழகுகிறவர் என்றாவது தடுமாறவே செய்வார். யாருமே விழாத இல்லத்தில் யாரையும் எழுந்து நடக்கவே விடவில்லை என்றும் பொருள் இருக்கக்கூடும். இடுப்பில் பட்டை கட்டி நாற்காலியில் உட்காரவைப்பது, எழ முடியாதபடி ஆழமான நாற்காலியில் சாய்த்துவைப்பது, கட்டிலின் இருபுறமும் தடுப்பை உயர்த்தி விடுவது ஆகிய எல்லாமே ஒருவகையில் கட்டிப்போடுவதுதான். அப்படிக் கட்டிவைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பிழையானது: தசை வலுவிழக்கிறது, படுக்கைப் புண் வருகிறது, விடுபடப் போராடுகிறவருக்குக் கடுமையான காயம் ஏற்படுகிறது, கழுத்து இறுகி இறந்தவர்களும் உண்டு. ஆகவே, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக ஒருவர் விழுந்த பிறகு என்னென்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். மருந்துகளை மறுபடி பார்த்தோம், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று சோதித்தோம், இரவில் கழிவறைக்கு அழைத்துப் போகும் நேரத்தை மாற்றினோம் என்று பதில் வந்தால் அங்கே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டாமலே கட்டிப்போடும் வழியும் உண்டு, அது மருந்து. மறதி நோயால் அலைந்து திரிகிறவரை அமைதிப்படுத்த மனநோய்க்கான மருந்துகளைக் கொடுப்பது பல இடங்களிலும் நடக்கிறது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2008-இல் அது பழைய மருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு இவற்றைக் கொடுக்க நேரலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் செய்யும் தவறு, பகல் முழுவதும் கூடத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து “எவ்வளவு அமைதியான இடம்” என்று மெச்சுவது.

படுக்கைப் புண் விஷயத்தில் தவறு இரு திசையிலும் நடக்கிறது. ஒரு புண் இருந்தாலே அந்த இல்லம் மோசம் என்று முடிவு கட்டுகிறவர்கள், மற்ற இடங்கள் ஏற்காத கடுமையான நோயாளிகளை ஏற்றுக் கவனிக்கும் இல்லத்துக்கு அநியாயம் செய்கிறார்கள். புண்ணோடு வந்தவர் எத்தனை பேர், இங்கே வந்த பிறகு புண் உண்டானவர் எத்தனை பேர், வந்தவை ஆறினவா என்று பிரித்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். மறுபக்கம், “வயதானால் புண் வரத்தான் செய்யும்” என்ற பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான படுக்கைப் புண்கள் தவிர்க்கக்கூடியவை. பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற செவிலியத் துறை ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட பிரேடன் அளவுகோல், உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், ஊட்டம், உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். சேர்ந்த அன்று இப்படி ஏதாவது ஓர் அளவுகோலால் மதிப்பிட்டார்களா என்று கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாக உள்ள அட்டவணையைக் காட்டினால், அதில் எல்லாக் கட்டங்களும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பப்பட்டதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் கண்ணாலேயே வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்புப் பக்கம், பின்னந்தலை ஆகிய இடங்களின் தோலைப் பாருங்கள். புத்தகங்கள் சொல்லும் சிவப்பு கருமையான தோலில் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பதே அங்கே முதல் அறிகுறி.

உடல் எடையைப் பற்றிக் கேட்க மறப்பது சிறிய தவறுபோல் தோன்றும். ஆனால் எடைதான் பொய் சொல்லத் தெரியாத சாட்சி. தானாக விரும்பிக் குறைக்காத நிலையில், ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பது ஏற்கப்பட்ட வரம்பு. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57-க்கு வந்தால், காரணம் என்ன, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பதற்கு அதுவே போதும்.

பயிற்சி நேரம் முடிந்த பிறகு

பயிற்சிக் கூடத்தில் எத்தனை கருவிகள் இருக்கின்றன, பிசியோதெரபி நாளுக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டு மறுவாழ்வை மதிப்பிடுவதை நான் மிகப் பெரிய தவறுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். ஒரு மணி நேரம் பயிற்சி என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 23 மணி நேரம் இருக்கிறது. காலையில் கம்பியைப் பிடித்து இருபது அடி நடந்தவரை, நேரமாகிறது என்று சக்கர நாற்காலியில் வைத்துச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அந்தப் பயிற்சியின் பயன் அங்கேயே தேய்ந்துவிடுகிறது. கைத்தாங்கலாகக் கழிவறைக்குப் போகக்கூடியவருக்கு டயாப்பர் கட்டுவதும், அவசியம் தீர்ந்த பிறகும் சிறுநீர்க் குழாயை எடுக்காமல் விட்டுவைப்பதும் பணியாளருக்கு வசதி. முதியவருக்கோ மீண்டெழும் வாய்ப்பு குறைகிறது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், அது ஏன் இன்னும் இருக்கிறது என்று தயங்காமல் கேட்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட ஐந்து நிமிடம் திணறுகிறவரின் பக்கத்தில் பொறுமையாகக் காத்திருக்கும் உதவியாளரைப் பார்த்தால், அந்த இல்லத்தைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளலாம்.

தொடக்க நிலையை எழுதி வைத்துக்கொள்ளாததும் இதோடு சேர்ந்தது. 1965-இல் வெளியான பார்த்தெல் குறியீடு, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படியேறுவது போன்ற பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வைக்கிறது. சேர்ந்த நாளில் 35, ஆறு வாரம் கழித்து 60 என்றால் பேச வேண்டிய தேவையே இல்லை. 35 என்பது 35-ஆகவே நின்றாலும் உடனே இல்லத்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது; நோயின் கடுமை, வயது, இதய நிலை எல்லாம் சேர்ந்துதான் முன்னேற்றத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் முதல் நாளின் எண்ணே இல்லாத இடத்தில், “நல்ல முன்னேற்றம்” என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

வாடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் அறையில் ஒரு நேரம் வரும் வாடையை அலட்சியம் என்று சொல்லக் கூடாது. யாருக்கோ அப்போதுதான் துணி மாற்ற வேண்டியிருந்திருக்கும். எல்லா நடைகளிலும் எந்த நேரமும் வீசும் சிறுநீர் நெடியும், அதை மூடப் போட்ட வாசனைத் திரவியத்தின் நெடியும் வேறு கதை.

முதியவரின் சொல்லை எடுத்துக்கொள்ளும் விதத்தில் நாம் இரு முனைகளிலும் வழுக்குகிறோம். மறதி நோயுள்ளவர் “என்னை அடிக்கிறார்கள்” என்றால் பிதற்றல் என்று தள்ளிவிடுகிறோம். தெளிவாக இருப்பவர் “நன்றாக இருக்கிறேன், நீ கவலைப்படாதே” என்றால் அப்படியே நம்பிவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர் வேறு என்ன சொல்வார்? பணியாளர் இல்லாத நேரத்தில், நலமா என்ற பொதுக் கேள்வியை விட்டுவிட்டு, நேற்று இரவு மணி அடித்தபோது யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். அதேபோல, இரண்டு நாளில் திடீரென்று ஏற்பட்ட குழப்பத்தை வயதின் மேல் போட்டால் ஏற்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகிய எதுவும் முதியவரின் மூளையை நாள் கணக்கில் தடுமாற வைக்கும். காரணம் கண்டால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.

குறை கண்ட உடனே வேறு இல்லத்துக்கு மாற்றுவதும் தவறு, சொன்னால் அவரைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பதும் தவறு. இடமாற்றமே முதியவருக்கு, குறிப்பாக மறதி நோயுள்ளவருக்கு, ஓர் அதிர்ச்சி. குறையைத் தேதியிட்டு எழுதிப் பொறுப்புச் செவிலியரிடம் கொடுத்து, பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிப் பேச நேரம் கேட்டு, இரண்டு வாரம் கவனியுங்கள். காரணம் சொல்லப்படாத கன்றிப்போன காயம், வீட்டாருக்குத் தெரியாமல் கட்டிவைத்தது, மறைக்கப்பட்ட புண் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த இரண்டு வாரத்தைத் தர வேண்டாம். முதியவரை உடனே மருத்துவரிடம் காட்டி, மேற்பார்வை அதிகாரியிடம் முறையிட்டு, மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். மாற்றுவதென்று ஆகிவிட்டால், மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் கடைசியாகக் கொடுத்த நேரம், கடைசி எடை, தோலின் நிலை, பார்த்தெல் மதிப்பெண், எந்தப் பதத்தில் உணவு தர வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவரை எந்தப் பெயரில் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பதை உங்கள் கையாலேயே அந்தத் தாளின் மேல் எழுதிச் சேர்த்துவிடுங்கள்; புதிய இடத்தின் முதல் இரவில் அவருடைய கட்டிலருகே வரும் செவிலியருக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு வரிகள்தான்.